ஒரே சர்வர், இரண்டு முடிவுகள்: செயல்திறன் சோதனையும் பயாஸ் அமைப்புகளும்

லோடு டெஸ்ட் (சர்வர் எவ்வளவு சுமை தாங்கும் என்ற சோதனை) நடத்துபவர்களைக் குழப்பும் ஒரு முடிவு உண்டு. நொடிக்கு 100 கோரிக்கைகள் அனுப்பும்போது பதில் வரத் தாமதமாகிறது. 5,000 அனுப்பினால் அதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது. சுமை ஏறினால் வேகம் குறைய வேண்டும் என்பதுதானே வழக்கம்? உடனே புரோகிராம் கோடில் தேடுவார்கள், டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பூலில் தேடுவார்கள், கார்பேஜ் கலெக்டரைச் சந்தேகிப்பார்கள். பல சமயம் காரணம் அங்கெல்லாம் இருக்காது. சர்வர் தொழிற்சாலையிலிருந்து என்ன பயாஸ் (ஓஎஸ் ஏறும் முன்பே ஹார்ட்வேரை அமைக்கும் உள் மென்பொருள்) அமைப்புகளோடு வந்ததோ, அதை யாரும் தொடாமல் விட்டதுதான் காரணமாக இருக்கும்.

அந்த அமைப்புகளைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலான சர்வர்கள் நாளின் பெரும்பகுதி நேரம் சும்மாதான் இருக்கின்றன. நூற்றுக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் மின்சாரமும் வெப்பமும் பெரிய செலவு. அதனால் தயாரிப்பாளர்கள் மின்சிக்கனத்தின் பக்கம் சாய்ந்த அமைப்பையே இயல்பாகக் கொடுக்கிறார்கள். டெல் சர்வர்களில் இது 'பெர்ஃபார்மன்ஸ் பெர் வாட்' என்ற ப்ரொஃபைல் (அமைப்புகளின் தொகுப்பு). எச்பிஇ சர்வர்களில் 'ஜெனரல் பவர் எஃபிஷியன்ட் கம்ப்யூட்'. பெயரிலேயே நோக்கம் தெரிகிறது. சாதாரண வேலைக்கு இது நல்ல தேர்வுதான். ஆனால் அளக்க உட்காரும்போது, அளவுகோலே சுமைக்கு ஏற்ப நீண்டு சுருங்கினால் கிடைக்கும் எண்ணை எப்படி நம்புவது?

முதலில் அந்த 100 கோரிக்கைக் கதையைப் பார்த்துவிடலாம். செயலியின் ஒரு கோருக்கு (செயலிக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) வேலை இல்லாதபோது அது சும்மா சுற்றிக்கொண்டிருக்காது, தூங்கப் போகும். தூக்கத்திலும் நிலைகள் உண்டு. இவற்றைத்தான் சி-ஸ்டேட் என்கிறோம். சி0 என்றால் விழித்து வேலை செய்கிறது. சி1 லேசான கண்ணயர்வு. சி6 ஆழ்ந்த தூக்கம்: கோருக்குப் போகும் மின்சாரமே ஏறக்குறைய நிறுத்தப்படும், அதன் உள் கேஷில் (டேட்டாவைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கும் சிறு மெமரி) இருந்ததெல்லாம் வெளியே எழுதப்பட்டுவிடும். தூக்கம் ஆழமாக ஆக, எழுந்துவர ஆகும் நேரமும் கூடும். இன்டெலின் ஸ்கைலேக் தலைமுறை சியான் சர்வர் செயலிகளுக்கு லினக்ஸ் கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) உள்ள அட்டவணைப்படி, சி1-இலிருந்து எழ 2 மைக்ரோ நொடி, சற்றே ஆழமான சி1இ-யிலிருந்து 10, சி6-இலிருந்து 133. குறைந்தது 600 மைக்ரோ நொடியாவது சும்மா இருக்கப்போகிறோம் என்றால்தான் சி6-க்குப் போவது லாபம் என்பதும் அதே அட்டவணையில் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். நொடிக்கு 100 கோரிக்கை என்றால் இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே சராசரியாக 10,000 மைக்ரோ நொடி இடைவெளி. கெர்னல் இதைப் பார்த்து, தாராளமாகத் தூங்கலாம் என்று கோரை சி6-க்கு அனுப்பிவிடும். அடுத்த கோரிக்கை வந்ததும் நெட்வொர்க் கார்டு அனுப்பும் இன்டரப்ட் (செயலியைக் கூப்பிடும் சமிக்ஞை) ஒரு கோரை எழுப்புகிறது. அந்தக் கோர் எழுந்து பேக்கெட்டைப் பார்த்து, அப்ளிகேஷனின் த்ரெட்டை (ஒரு கோரில் ஓடும் வேலை இழை) கூப்பிடுகிறது. அந்த த்ரெட் வேறொரு கோரில் இருந்தால் அதையும் எழுப்ப வேண்டும். அப்ளிகேஷன் டேட்டாபேஸிடம் கேட்கிறது. டேட்டாபேஸும் அதே சர்வரில் இருந்தால் அங்கே இன்னொரு விழிப்பு. அது பதில் தரும் நேரத்துக்குள் அப்ளிகேஷனின் கோர் மறுபடியும் தூங்கப் போயிருக்கலாம். ஒரே கோரிக்கைக்குள் மூன்று, நான்கு முறை இப்படி எழ நேர்ந்தால் அரை மில்லி நொடி இதிலேயே கரைந்துவிடுகிறது. எழுந்த கோருக்குக் கேஷும் காலி. தேவையான டேட்டாவை மறுபடி மெமரியிலிருந்து இழுக்க வேண்டும். 5,000 கோரிக்கைகள் வரும்போது இடைவெளி 200 மைக்ரோ நொடியாகக் குறைகிறது. ஓரிரு கோர்களே அவற்றைக் கையாள்கின்றன என்றால் ஆழ்ந்து தூங்க நேரமே கிடைக்காது. வேகம் கூடியதுபோலத் தெரிவது இதனால்தான்.

சரி, அப்படியென்றால் பயாஸுக்குள் போய் சி-ஸ்டேட் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டியதுதானே? லேட்டன்சி (பதில் வர ஆகும் நேரம்) முக்கியமான இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் இரண்டு கண்ணிகள் உண்டு.

ஒன்று, பயாஸில் அணைத்தால் அது உண்மையிலேயே அணைந்துவிட்டதா என்பது. லினக்ஸில் இன்டெல் செயலிகளுக்கான இன்டெல்-ஐடில் என்ற டிரைவர், தூக்க நிலைகளின் பட்டியலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பயாஸ் சொல்லும் பட்டியலை அது நீண்ட காலம் பொருட்படுத்தவே இல்லை. அதனால் சில சர்வர்களில் பயாஸ் திரையில் சி6 அணைக்கப்பட்டதாகத் தெரியும். கோர்கள் பாட்டுக்கு சி6-க்குப் போய்வந்துகொண்டிருக்கும். திரையை நம்பாமல் டர்போஸ்டாட் கருவியை ஓட்டி, ஒவ்வொரு கோரும் சி6-இல் எத்தனை சதவீதம் நேரம் இருந்தது என்ற பத்தியைப் பார்ப்பதுதான் சரியான வழி.

இரண்டாவது கண்ணி டர்போவோடு தொடர்புள்ளது. 2008-இல் நெஹலெம் செயலிகளோடு இன்டெல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்தது. மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் இடமிருந்தால், அறிவிக்கப்பட்ட அடிப்படை வேகத்தைத் தாண்டி கோர் ஓடலாம். எவ்வளவு தாண்டலாம் என்பது எத்தனை கோர்கள் விழித்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. சியான் கோல்டு 6148-ஐ எடுத்துக்கொள்வோம். 20 கோர், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்தால் 3.7 வரை போகும். 20-உம் வேலை செய்தால் 3.1-தான் உச்சம். இந்தக் கணக்கில் ஆழ்ந்து தூங்கும் கோர்தான் தூங்குவதாக எடுத்துக்கொள்ளப்படும். சி1-இல் கண்ணயர்ந்திருப்பது விழித்திருப்பதாகவே கருதப்படும். ஆக, சி6-ஐ அணைத்தால் எல்லாக் கோர்களும் எப்போதும் விழித்திருப்பதாகக் கணக்காகி, ஒற்றை த்ரெட் வேலை 3.7-ஐத் தொட வழியே இல்லாமல் போகலாம். லேட்டன்சியைக் குறைக்கச் செய்த மாற்றம் ஒற்றை த்ரெட் வேகத்தைக் குறைத்துவிடும். இணையத்தில் சுற்றும் 'இதையெல்லாம் அணையுங்கள்' பட்டியல்களில் இந்த விலையை யாரும் எழுதி வைப்பதில்லை. அந்தப் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவதை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இதுதான்.

அதே 6148-இல் இன்னொரு கணக்கும் பார்க்கலாம். ஒரு புரோகிராம் எத்தனை கோருக்கு எவ்வளவு வேகம் கூடுகிறது என்று வரைபடம் போடுகிறீர்கள். ஒரு கோரில் கிடைத்த வேகத்தை 1 என்று வைத்து, 20 கோரில் 20 மடங்கு வருமா என்று பார்க்கிறீர்கள். புரோகிராமில் பூட்டுச் சண்டை (ஒரே டேட்டாவுக்காக த்ரெட்கள் மோதுவது), காத்திருப்பு எதுவுமே இல்லை, கச்சிதமாகப் பிரிந்து ஓடுகிறது என்றே வையுங்கள். அப்போதும் 20 மடங்கு வராது. ஒரு கோர் ஓடியது 3.7-இல், 20 கோர் ஓடியது 3.1-இல். 20-ஐ 3.1-ஆல் பெருக்கி 3.7-ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 16.8. மீதமுள்ள 3.2 மடங்கு எங்கே போனது என்று கோடில் தேடினால் கிடைக்காது, அது கிளாக்கில் (கோர் ஓடும் வேகத்தில்) போயிருக்கிறது. ஸ்கேலிங் வரைபடம் போடுபவர்கள் டர்போவை அணைத்துவிட்டுப் போட வேண்டும், அல்லது ஒவ்வொரு புள்ளிக்கும் அப்போதைய கிளாக் வேகத்தையும் கூடவே பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாத வரைபடம் புரோகிராமைப் பற்றிச் சொல்கிறதா, செயலியைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரிக்க முடியாது.

ஏவிஎக்ஸ்-512 போன்ற அகன்ற கட்டளைகள் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுபவை) இதை இன்னும் சிக்கலாக்கும். ஸ்கைலேக் தலைமுறையில் இவற்றைக் கனமாகப் பயன்படுத்தும் கோர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரே கோரில் மாறி மாறி ஓடும் வேறு சாதாரண வேலையும் அந்தக் குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டியிருக்கும். லைப்ரரியின் புது வெர்ஷன் ஏவிஎக்ஸ்-512-க்கு மாறியிருந்தால், மாற்றமே செய்யாத பகுதிகூட மெதுவானதாக அளவில் தெரியலாம்.

கிளாக் வேகத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. ஓஎஸ்ஸா, பயாஸா, செயலியேவா? மூன்றும் சாத்தியம். 'பெர்ஃபார்மன்ஸ் பெர் வாட்' வகை ப்ரொஃபைல்களில் அந்த அதிகாரத்தை ஃபர்ம்வேரே (பயாஸ் போன்ற உள் மென்பொருள்) கையில் வைத்துக்கொள்கிறது. அப்போது லினக்ஸில் கவர்னரை (கிளாக் வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றப் போனால் அந்த வசதியே இல்லை என்று தெரியவரும். கிளாக் அமைப்புக்கான டிரைவரே ஏறியிருக்காது. ஓஎஸ்ஸிடம் அதிகாரத்தைக் கொடுக்கும் ப்ரொஃபைலுக்கு மாற்றினால்தான் அங்கே செய்யும் அமைப்புக்கு அர்த்தம் உண்டு. புதிய இன்டெல் செயலிகளில் ஸ்பீடு ஷிஃப்ட் வசதி வந்த பிறகு, ஓஎஸ் ஒரு விருப்பத்தைச் சொல்லும், வேகத்தைச் செயலி தானே தேர்ந்தெடுக்கும். கோர்களுக்கு வெளியே இருக்கும் பகுதிக்கும் தனி கிளாக் உண்டு. சுமை குறைவாக இருக்கும்போது அதுவும் இறங்கும். இறங்கினால் எல்3 கேஷும் மெமரியும் எட்டுவதற்குத் தாமதமாகும். கோர் வேகத்தை மட்டும் நிலையாக வைத்துவிட்டு, 'கிளாக்கைப் பூட்டிவிட்டேன்' என்று நம்புபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்தது ஹைப்பர்-த்ரெடிங். சியான்களில் 2002-இல் வந்தது. ஒரு கோரை ஓஎஸ்ஸுக்கு இரண்டாகக் காட்டும். இரண்டும் ஒரே கணக்கிடும் பகுதிகளையும் ஒரே எல்1, எல்2 கேஷையும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று காத்திருக்கும் இடைவெளியில் மற்றொன்று வேலை செய்வதால் மொத்த வேலை கூடும், ஆனால் இரட்டிப்பாகாது. கொள்ளளவு கணக்குப் போடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மானிட்டரில் சிபியு பயன்பாடு 50 சதவீதம் என்று காட்டுகிறது. இன்னும் பாதி இடம் இருக்கிறது, இதேபோல் இன்னொரு மடங்கு சுமை தாங்கும் என்று அறிக்கை எழுதிவிடுகிறார்கள். கெர்னல் ஷெட்யூலர் முடிந்தவரை ஒரு கோருக்கு ஒரு த்ரெட் என்று பரப்பி வைக்கும். ஆகவே 50 சதவீதம் என்பது எல்லாக் கோர்களும் ஏற்கெனவே நிறைந்துவிட்ட நிலைக்கு அருகில் இருக்கலாம். மீதி 50-இல் உண்மையில் கிடைக்கப்போவது அதைவிட வெகு குறைவு. சுமையைப் படிப்படியாக உயர்த்தி, உடையும் இடம் வரை கொண்டுபோய்ப் பார்க்காமல் கொள்ளளவைச் சொல்லக் கூடாது.

ஹைப்பர்-த்ரெடிங்கை அணைத்தால் சிபியு எண்களும் மாறும். 20 கோர் செயலிகள் இரண்டு உள்ள சர்வரில் பொதுவாக 0-ஆம் சிபியுவின் ஜோடி 40-ஆம் சிபியு. 0-இல் ஒரு வேலையையும் 40-இல் இன்னொரு வேலையையும் கட்டிவைக்கும் பழைய ஸ்கிரிப்ட், அணைத்த பிறகு அந்த எண்ணே இல்லாமல் தடுமாறும். அணைக்காத சர்வரில் அதே ஸ்கிரிப்ட் இரண்டு முக்கியமான த்ரெட்களை ஒரே கோரில் உட்கார வைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, எண் மட்டும் மோசமாகும். எண்களை மனப்பாடமாக எழுதாமல், எது எதற்கு ஜோடி என்று கெர்னலிடமே கேட்டு எழுதுவது நல்லது.

ஒரே சோதனையைப் பத்து முறை ஓட்டினால் முடிவுகள் ஒரே இடத்தில் குவியாமல் இரண்டு கும்பலாகப் பிரிந்து நிற்கின்றனவா? முதலில் நூமாவைப் பாருங்கள். இரண்டு சாக்கெட் (செயலியைப் பொருத்தும் இடம்) உள்ள சர்வரில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அருகில் தனித்தனி மெமரி இருக்கிறது. பக்கத்து சாக்கெட்டின் மெமரியை எட்டவும் முடியும், ஆனால் கூடுதல் நேரமாகும். இந்த அமைப்புதான் நூமா. புரோகிராம் ஒரு சாக்கெட்டில் தொடங்கி, மெமரியும் அங்கேயே கிடைத்தால் ஒரு எண். ஷெட்யூலர் அதை அடுத்த சாக்கெட்டுக்குத் தள்ளி, மெமரி பழைய இடத்திலேயே தங்கிவிட்டால் வேறு எண். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் எந்த ஓட்டத்திலும் நடக்காத ஒரு எண்தான் கிடைக்கும். நெட்வொர்க் கார்டும் ஏதோ ஒரு சாக்கெட்டோடுதான் இணைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பயாஸில் 'நோடு இன்டர்லீவிங்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கினால் நூமா என்ற ஒன்றே இல்லாததுபோல ஓஎஸ்ஸுக்குக் காட்டி, மெமரியை இரண்டு சாக்கெட்டிலும் மாறி மாறிப் பரப்பிவிடும். முடிவுகள் சீராகும், உண்மைதான். ஏறக்குறைய பாதி மெமரி அணுகல்கள் எப்போதும் தூரத்துக்குப் போவதால் வந்த சீர் அது. அதைவிட நூமாவை அப்படியே காட்டவிட்டு, நூமாசிடிஎல் என்ற லினக்ஸ் கருவி கொண்டு வேலையையும் மெமரியையும் ஒரே இடத்தில் கட்டிப்போடுவது மேல். எதிர்த் திசையிலும் அமைப்புகள் உண்டு. இன்டெலில் சப்-நூமா கிளஸ்டரிங், ஏஎம்டியின் எபிக் சர்வர் செயலிகளில் என்பிஎஸ் (ஒரு சாக்கெட்டுக்கு எத்தனை நூமா நோடு என்பது). என்பிஎஸ் 4 என்று வைத்தால் ஒரே சாக்கெட்டே நான்கு நூமா நோடுகளாகத் தெரியும். வேலையை அழகாகப் பிரித்து வைத்த புரோகிராமுக்கு இது லாபம். ஒரே பெரிய ஹீப்பை (புரோகிராமின் பொது மெமரிப் பகுதி) எல்லா த்ரெட்களும் தொடும் புரோகிராமுக்கு நஷ்டமாகலாம். இரண்டு எபிக் சர்வர்களை ஒப்பிடும்போது இரண்டிலும் என்பிஎஸ் ஒன்றா என்று பார்க்காமல் தொடங்கவே கூடாது.

எபிக்கில் இன்னொரு அமைப்பு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: டிடர்மினிசம். ஒரே மாடல் செயலிகள்கூட சிலிக்கான் தரத்தில் கொஞ்சம் வேறுபடும். ஒன்று குறைந்த மின்சாரத்தில் ஒரு வேகத்தைத் தரும், இன்னொன்று அதே வேகத்துக்குக் கூடுதலாகக் கேட்கும். 'பவர் டிடர்மினிசம்' என்று வைத்தால் ஒவ்வொரு செயலியும் தனக்குரிய மின்சார வரம்பு முழுவதையும் பயன்படுத்தி எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு ஓடும். சர்வருக்குச் சர்வர் வேறுபாடு தெரியும். 'பெர்ஃபார்மன்ஸ் டிடர்மினிசம்' என்று வைத்தால் அந்த மாடலின் செயலிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். நல்ல சிலிக்கானின் கூடுதல் திறனை விட்டுக்கொடுக்கிறோம். பல சர்வர்களில் பரவலாகச் சோதனை ஓட்டி முடிவுகளை ஒப்பிடும் குழுவுக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஒற்றைச் சர்வரிலிருந்து உச்ச எண்ணை எடுக்க நினைப்பவருக்கு முதலாவது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹார்ட்வேர் பிரீஃபெட்சரை (அடுத்துத் தேவைப்படும் டேட்டாவை ஊகித்து முன்கூட்டியே எடுத்துவரும் பகுதி) அணைத்தால் சிதறலாக மெமரியைத் தொடும் சில வேலைகள் வேகமாகும், வரிசையாகப் படிக்கும் வேலைகள் நன்றாகவே மெதுவாகும். காரணம் தெரியாமல் தொட வேண்டாம். மெமரி சேனல்களை (செயலிக்கும் மெமரிக்கும் நடுவிலுள்ள பாதைகள்) நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்: டிடிஆர்4-2666 சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 21.3 ஜிபி, ஆறு சேனல் உள்ள சாக்கெட்டில் நான்கில் மட்டும் மெமரி செருகியிருந்தால் டேட்டா கடத்தும் திறனில் மூன்றில் ஒரு பங்கு முதலிலேயே போய்விட்டது, எந்தப் பயாஸ் அமைப்பும் அதைத் திருப்பித் தராது. அப்புறம் எஸ்எம்ஐ. ஃபர்ம்வேர் தன் சொந்த வேலைக்காகச் செயலியைச் சிறிது நேரம் பறித்துக்கொள்ளும் இன்டரப்ட் இது. ஓஎஸ்ஸுக்குத் தெரியாமல் நடக்கும், புரோஃபைலரில் வராது. எப்போதாவது ஒரு கோரிக்கை மட்டும் விசித்திரமாகத் தாமதமானால் டர்போஸ்டாட்டில் எஸ்எம்ஐ எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கலாம், இப்படிப்பட்ட தாமதங்களைக் கண்டுபிடிக்கும் கெர்னலின் எச்டபிள்யூலாட் டிரேசரையும் ஓட்டலாம்.

இவ்வளவு அமைப்புகளில் எதை எப்படி வைப்பது? 'சோதனைக்கு உகந்த அமைப்பு' என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பது என் உறுதியான கருத்து. சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்பதுதான் அமைப்பை முடிவு செய்ய வேண்டும். நேற்றைய கோடைவிட இன்றைய கோடு மெதுவாகிவிட்டதா என்பது கேள்வியென்றால், இரைச்சலை (ஓட்டத்துக்கு ஓட்டம் எண் ஆடுவதை) குறைப்பதுதான் முக்கியம். டர்போவை அணைத்து, கிளாக்கை அடிப்படை வேகத்தில் நிறுத்தி, ஆழ்ந்த தூக்கத்தைத் தடுத்து, நூமாவில் கட்டிப்போட்டு அளக்கலாம். கிடைக்கும் எண் உச்ச வேகமாக இருக்காது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. 2 சதவீத மாற்றம்கூடக் கண்ணில் படும் என்பதுதான் அங்கே லாபம். நேரடிப் பயன்பாட்டில் இந்தச் சர்வர் எவ்வளவு தாங்கும் என்பது கேள்வியென்றால், நேரடிப் பயன்பாட்டில் இருக்கும் அதே அமைப்புதான் வேண்டும், மின்சிக்கனம், டர்போ எல்லாவற்றோடும். சோதனைக் கூடத்தில் எல்லாவற்றையும் முடுக்கிவிட்டு அளந்த லேட்டன்சியை வாடிக்கையாளருக்கு வாக்காகக் கொடுத்துவிட்டு, நேரடிச் சர்வர்களைத் தொழிற்சாலை அமைப்பிலேயே விட்டுவைப்பது நடக்கிறது. அந்த வாக்கு முதல் நாளிலேயே பொய்த்துவிடும். அந்த லேட்டன்சிதான் வேண்டுமென்றால் நேரடிச் சர்வர்களின் பயாஸையும் மாற்றி, அதற்கான மின்சாரச் செலவையும் கணக்கில் எழுத வேண்டும்.

எந்த அமைப்பைத் தேர்ந்தாலும் அதைப் பதிவு செய்யாவிட்டால் பயனில்லை. ஸ்பெக் சிபியு 2017 என்ற பொதுச் செயல்திறன் சோதனையின் முடிவுகளை வெளியிடுபவர்கள் இயல்பிலிருந்து மாற்றிய பயாஸ் அமைப்புகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும். அந்த விதி நம் உள் சோதனைகளுக்கும் பொருந்தும். திரையைப் போட்டோ எடுத்து வைக்க வேண்டியதில்லை. சர்வர்களை நெட்வொர்க் வழியே நிர்வகிக்க 2015-இல் வந்த ரெட்ஃபிஷ் தரத்தை ஏற்ற சர்வர்களில் எல்லாப் பயாஸ் அமைப்புகளையும் ஒரே கோரிக்கையில் ஜேசன் கோப்பாக வாங்கிவிடலாம். சோதனை ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக அதை வாங்கி முடிவுகளோடு சேமித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எண் மாறும்போது இரண்டு கோப்புகளை ஒப்பிட்டாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரெட்ஃபிஷ் வழியாக மாற்றிய அமைப்புகள் அடுத்த ரீபூட் வரை காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கும். மாற்றியவுடன் சோதனையை ஓட்டினால் பழைய அமைப்பில்தான் ஓடும். ரீபூட்டுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை வாங்கிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பதிவில் பயாஸ் வெர்ஷனும் மைக்ரோகோடு (செயலிக்குள்ளேயே ஓடும் திருத்தக்கூடிய கோடு) வெர்ஷனும் கட்டாயம் இருக்க வேண்டும். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிப் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்த பிறகு வந்த கெர்னல், மைக்ரோகோடு திருத்தங்கள், ஹார்ட்வேரும் அப்ளிகேஷனும் அப்படியே இருக்க, கெர்னலை அடிக்கடி அழைக்கும் வேலைகளை மெதுவாக்கின. திருத்தத்துக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டால் குற்றம் ஏதாவது ஒரு கோடு மாற்றத்தின் தலையில் விழும். எந்தெந்தத் திருத்தம் இயங்குகிறது என்பதை லினக்ஸ் சிபியு அடைவில் 'வல்னரபிலிட்டீஸ்' என்ற பகுதியில் எழுதி வைத்திருக்கிறது. பயாஸ் கோப்போடு அதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பியிருக்கலாம் என்பதால், அப்டேட் நடந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே அடுத்த சோதனையை ஓட்ட வேண்டும்.